டெஸ்ட் பேஜ் நன்றாக வருகிறது, போட்டோ மட்டும் கோடு கோடாக வருகிறது: புது பிரிண்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஸ்கேனரும் சேர்ந்த ஒரு கலர் இங்க் டேங்க் பிரிண்டர் புதிதாக வாங்கியிருக்கிறீர்கள். கையேட்டில் சொன்னபடி மை ஊற்றி, வைஃபையில் இணைத்து, விண்டோஸிலிருந்து டெஸ்ட் பேஜ் கொடுத்தபோது அழகாக வந்தது. ஆனால் போட்டோ அச்சிட்டால் குறுக்கே மெல்லிய கோடுகள், முகங்களில் சிவப்பு தூக்கல். நடுநடுவே கணினி பிரிண்டரை 'ஆஃப்லைன்' என்று வேறு சொல்கிறது. 'நான் நிறுவியதில் தவறா, இயந்திரத்தில் பழுதா, எப்படிச் சோதிப்பது?' என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தேவை நிறுவும் முறை இல்லை, அதைத்தான் முடித்துவிட்டீர்களே. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், கோளாறு பெட்டிக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

பிரிண்டர்களை நிறுவிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதுமாகப் பல வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். புது பிரிண்டர் சரியில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி, இரண்டு மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது. ஒரு தாள் அச்சாகி வெளியே வருவதற்குள் அது நாலு கை மாறுகிறது: பிரிண்டர், தாள், இணைப்பு, பிரிண்டரோடு கணினி பேச உதவும் மென்பொருளான டிரைவர். நாலையும் சேர்த்து ஒரே நேரத்தில் சோதித்தால் எது மக்கர் செய்கிறது என்று தெரியாது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும், அதுவும் பிரிண்டரிலிருந்து தொடங்கி. கணினி கடைசியில்தான் வர வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

விண்டோஸ் டெஸ்ட் பேஜ் நன்றாக வந்ததை வைத்து ஏமாறாதீர்கள். அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன வண்ணச் சின்னமும், டிரைவரின் பெயர், போர்ட் எனப்படும் இணைப்பு வழியின் பெயர் என்று சில வரிகளும் இருக்கும். கணினி அனுப்பியது பிரிண்டர் வரை வந்து சேர்ந்தது என்பதை மட்டும் அது நிரூபிக்கிறது. கறுப்பு எழுத்து அதிகம், வண்ணம் கொஞ்சம் என்பதால், மை பீய்ச்சும் துளைகளில் பத்து இருபது அடைத்திருந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாது. போட்டோ அப்படியல்ல. முகம், வானம், சுவர் என்று ஒரே நிறம் பரந்து கிடக்கும் இடத்தில் ஒரு துளை வேலை செய்யாவிட்டாலும் கோடு விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே டெஸ்ட் பேஜ் நன்றாக வந்து போட்டோ கெட்டிருப்பதில் எந்த முரணும் இல்லை.

முதலில் யூஎஸ்பி கேபிள் இருந்தால் பிடுங்கிவிடுங்கள், கணினியை மறந்துவிடுங்கள். பிரிண்டரின் சொந்தப் பலகையிலிருந்தே 'மெயின்டனன்ஸ்' பட்டியலுக்குள் போய் 'நாசில் செக்' கொடுங்கள். திரை இல்லாத மாடலாக இருந்தால் ஏதோ ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தபடி மின்சாரத்தைப் போடச் சொல்லியிருப்பார்கள், எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். சாதாரண ஏ4 தாள் போதும். படிக்கட்டு போலச் சின்னச் சின்னக் கோடுகள் நாலு நிறத்திலும் வரும். ஒவ்வொரு கோடும் ஒரு துளையின் வேலை. எங்காவது படி விட்டுப் போயிருந்தால் அந்தத் துளையிலிருந்து மை வரவில்லை என்று அர்த்தம். சில மாடல்களில் படிக்கட்டுக்குப் பதில் கட்டம் கட்டமாக நிறப் பட்டைகள் வரும், அவற்றில் வெள்ளைக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சளைப் பார்ப்பது மட்டும் கஷ்டம். வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு கண்ணுக்கு நழுவிவிடும். கைப்பேசித் திரையில் முழு நீல நிறப் படம் ஒன்றைத் திறந்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, அந்த நீல வெளிச்சத்தில் தாளைக் காட்டுங்கள். மஞ்சள் கோடுகள் கறுப்பாகத் தெரியும், விட்டுப் போனது பளிச்சென்று தெரிந்துவிடும். தாளின் ஓரத்தில் தேதியும் நேரமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கோடுகள் விட்டுப் போயிருந்தால் உடனே பழுது என்று முடிவு செய்ய வேண்டாம். இங்க் டேங்க் பிரிண்டரில் டேங்கிலிருந்து, மை பீய்ச்சும் துளைகள் இருக்கும் ஹெட் வரைக்கும் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. முதல் தடவை மை ஊற்றியதும் இயந்திரம் கரகரவென்று பத்து இருபது நிமிடம் வேலை செய்ததல்லவா, அந்தக் குழாய்களை நிரப்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மின்சாரம் போயிருந்தாலோ, யாராவது சுவிட்சை அணைத்திருந்தாலோ குழாயில் காற்று நின்றுவிட வாய்ப்பு உண்டு. மை ஊற்றிய பிறகு பிரிண்டரைச் சாய்த்துத் தூக்கி வேறு மேசைக்கு மாற்றினாலும் இதே கதைதான். ஊற்றிய உடனே டேங்கில் மட்டம் சட்டென்று இறங்கியதைப் பார்த்து ஒழுகுகிறது என்று பயப்படுபவர்கள் உண்டு. அது குழாய்க்குள் போன மை. பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையை முதல் தொகுப்பு பாட்டில்கள் தராததற்கும் காரணம் அதுதான். அந்த எண்ணிக்கையே, ஐஎஸ்ஓ 24712 என்ற 5 பக்க மாதிரித் தொகுப்பைத் திரும்பத் திரும்ப அச்சிடும் அடிப்படையில் வருவது. நீங்கள் போட்டோ அச்சிடுபவர் என்றால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

சரி, கோடு விட்டிருந்தால் ஒரு முறை 'ஹெட் கிளீனிங்' கொடுத்துவிட்டு மறுபடி நாசில் செக் எடுங்கள். பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கேதான் தேதி எழுதியது உதவும். விட்டுப்போன இடங்கள் ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால், அநேகமாகக் குழாயிலோ ஹெட்டிலோ காற்றுக் குமிழ். அதற்குச் சிறந்த மருந்து காத்திருப்பதுதான். பட்டனால் முறையாக அணைத்துவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள், காலையில் தானாகவே சரியாகியிருப்பது சகஜம். தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே, இரண்டு மூன்று கிளீனிங்குக்குப் பிறகும் சரியாகாவிட்டால் ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ சும்மா விடச் சொல்லியிருப்பார்கள். மாறாக, விட்டுப்போன இடங்கள் எத்தனை கிளீனிங் கொடுத்தாலும் அதே இடத்திலேயே அசையாமல் நின்றால் அந்தத் துளை அடைத்திருக்கிறது, அல்லது அதை இயக்கும் மின்பகுதி செத்திருக்கிறது. இரண்டில் எது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. புது இயந்திரத்தில் அதைக் கண்டுபிடிக்கும் தலைவலியும் உங்களுடையது இல்லை.

ஆத்திரத்தில் பத்து தடவை கிளீனிங் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளீனிங் என்பது துளைகள் வழியாக மையை உறிஞ்சி வெளியே தள்ளுவது. அந்த மை முழுக்க உள்ளே இருக்கும் ஒரு பஞ்சுப் பட்டையிலோ கழிவுப் பெட்டியிலோ போய்ச் சேர்கிறது. அது நிறைந்துவிட்டது என்று பிரிண்டர் தன் கணக்கில் முடிவு செய்த அன்று அச்சிடவே மறுத்துவிடும். சில மாடல்களில் 'பவர் கிளீனிங்' போன்ற பெயரில் குழாய் முழுவதையும் கழுவும் வசதி உண்டு. அது டேங்கை மளமளவென்று காலி செய்யும், மை குறைவாக இருக்கும்போது செய்தால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாதாரண கிளீனிங்கும் ஒரு ராத்திரி ஓய்வும் பலிக்காத பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

நாசில் செக் முழுமையாக வந்துவிட்டது, ஆனாலும் போட்டோவில் கோடு என்றால்? அப்போது ஹெட்டின் துளைகள் குற்றவாளி இல்லை. அடுத்து 'ஹெட் அலைன்மென்ட்' செய்ய வேண்டும். ஹெட் இடமிருந்து வலமாகப் போகும்போதும் திரும்பி வரும்போதும் அச்சிடுகிறது. போகும்போது விழும் புள்ளிகளும் வரும்போது விழும் புள்ளிகளும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் எழுத்தின் ஓரம் இரட்டையாகத் தெரியும், படத்தில் ஒரே இடைவெளியில் பட்டை விழும். புது இயந்திரத்தில் நிறுவலின்போதே இதைச் செய்யச் சொல்லும், ஆனால் அந்தத் திரையைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள் அதிகம். தாள் ஒவ்வொரு தடவையும் நகரும் தூரத்தைச் சரிசெய்வதும் சில மாடல்களில் அலைன்மென்ட் பட்டியலுக்குள்ளேயே இருக்கும். கோடுகள் தாளின் குறுக்கே ஒரே சீரான இடைவெளியில் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் பந்தயம் கட்டுவதென்றால் வேறொன்றின் மீது கட்டுவேன். பளபளப்பான போட்டோ தாளை வைத்துவிட்டு, அச்சிடும் பெட்டியில் 'பிளெயின் பேப்பர்' என்றே விட்டிருப்பீர்கள். தாளின் வகையைச் சொல்வது வெறும் பெயர் குறிப்பதற்காக இல்லை. எவ்வளவு மை கொட்ட வேண்டும், ஒரே இடத்தின் மீது ஹெட் எத்தனை முறை போக வேண்டும், எந்தக் கறுப்பைப் பயன்படுத்த வேண்டும் என்று எல்லாமே அதை வைத்துத்தான் முடிவாகிறது. பல இங்க்ஜெட்களில் கறுப்பு மட்டும் நிறமித்துகள் மை, மற்ற நிறங்கள் சாய மை. நிறமிக் கறுப்பு பளபளப்புத் தாளில் ஒட்டாது என்பதால், போட்டோ தாள் என்று சொன்னால் மற்ற மூன்று நிறங்களைக் கலந்து கறுப்பை உண்டாக்கிக்கொள்ளும். நீங்கள் சாதாரணத் தாள் என்று சொல்லிவிட்டால் தப்பான கறுப்பு, தப்பான அளவு, வேகமான ஓட்டம். கோடும் வரும், சிவப்பும் வரும், தொட்டால் அழியவும் செய்யும். எனவே வகையைச் சரியாகக் கொடுத்து, தரத்தை 'ஹை' என்று வைத்து, 'ஹை ஸ்பீட்' அல்லது 'பைடைரக்ஷனல்' என்ற டிக் இருந்தால் எடுத்துவிட்டு, அதே படத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தாளின் எந்தப் பக்கம் பளபளப்பு, உங்கள் மாடலில் அச்சுப் பக்கம் மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் அச்சிட்டால் மை குட்டை குட்டையாக நிற்கும்.

சிவப்பு தூக்கலைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்தே சொல்கிறேன். உறுதியானது: சயான் என்ற நீலப்பச்சை மை குறைந்தால் தோல் நிறம் சிவக்கும். ஆகவே நாசில் செக்கில் சயான் வரிசையை மற்றவற்றை விட உன்னிப்பாகப் பாருங்கள். அதே தாளில் நிறங்களே தவறாக, சயான் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ நிறம் வந்தால், மை டேங்க் மாறி ஊற்றப்பட்டிருக்கிறது. இப்போது பல பாட்டில்களின் வாய் அந்தந்த டேங்குக்கு மட்டுமே பொருந்தும், எல்லா மாடலிலும் அப்படி இல்லை. மாறித்தான் ஊற்றியிருக்கிறது என்று தெரிந்தால் அச்சிடுவதை அங்கேயே நிறுத்திவிட்டுச் சேவை மையத்தைக் கேளுங்கள். இது இரண்டும் இல்லை என்றால் மிச்சமெல்லாம் ஊகம்தான். டிரைவரில் 'போட்டோ என்ஹான்ஸ்' போன்ற திருத்தம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். படம் திருத்தும் மென்பொருளும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் நிறத்தைத் திருத்திக்கொண்டிருக்கலாம், அப்படியானால் ஒன்றை அணைக்க வேண்டும். வேறு நிறுவனத் தாளாக இருக்கலாம். உங்கள் கணினித் திரையே நீலச் சாயலோடு இருந்து, அதைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தால் தாள் சிவப்பாகத் தெரியலாம். திரை தானே ஒளிவிடுகிறது, தாள் அறை வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. இரண்டும் அப்படியே ஒத்துப்போகும் என்று எதிர்பார்த்தால் எந்த விலைக்கு வாங்கினாலும் ஏமாற்றம்தான்.

இதில் டிரைவரைக் கழற்றிவிட ஓர் எளிய வழி இருக்கிறது. கடையில் அச்சிட்ட நல்ல போட்டோ ஒன்றை ஸ்கேனர் கண்ணாடியில் வைத்து, பிரிண்டரின் பட்டனாலேயே கலர் காப்பி எடுங்கள். பலகையில் தாள் வகையைப் போட்டோ என்று வைக்க முடிந்தால் வையுங்கள். அசலை விட நிறம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், அது பரவாயில்லை. முகத்தில் அதே சிவப்பு வந்தால் கோளாறு பிரிண்டர் பக்கம், அல்லது தாள். வராவிட்டால் கணினியில் ஏதோ ஒரு அமைப்பு. அப்புறம், ஒரு போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, அதைக் கலர் அச்சாகவே எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் சாம்பலாகவே இருக்கிறதா, சிவப்புக்கோ பச்சைக்கோ சாய்கிறதா என்பது கலர் படத்தில் தெரிவதை விட இதில் தெளிவாகத் தெரியும்.

தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 75 முதல் 80 ஜிஎஸ்எம் சாதாரணத் தாள், கட்டை விசிறிப் பிரித்து, இரண்டு பக்கமும் வழிகாட்டிகள் தாளை நெருக்காமல் தொடுமாறு வைத்தால் போதும். பத்து இருபது வெற்றுப் பக்கங்களைத் தொடர்ந்து ஓட விட்டு, இரட்டையாக இழுக்கிறதா, கோணலாகப் போகிறதா என்று பாருங்கள். டிரைவரில் தாள் அளவு 'லெட்டர்' என்று இருந்தால் ஏ4 ஆக மாற்றுங்கள். ஏ4 என்பது 210க்கு 297 மில்லிமீட்டர், லெட்டர் 215.9க்கு 279.4. தாளும் அமைப்பும் பொருந்தாவிட்டால் சில பிரிண்டர்கள் அச்சிடாமலே விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும், சில ஓரத்தை வெட்டிவிடும். அளவு முக்கியமான வேலை செய்பவர் என்றால் 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றை வரைந்து, 'ஃபிட் டு பேஜ்' இல்லாமல் 'ஆக்சுவல் சைஸ்' என்று வைத்து அச்சிட்டு, ஸ்கேலால் அளந்து பாருங்கள். கோடு 97 ஆக வந்தால் அநேகமாக மென்பொருள் சுருக்கியிருக்கிறது, இயந்திரம் அல்ல.

இனி ஆஃப்லைன் தொல்லை. அச்சின் தரத்தைப் போலல்லாமல், இதில் பிரிண்டர் பழுதாக இருப்பது அபூர்வம். அதை நிரூபிக்க யூஎஸ்பி கேபிளே போதும். ஒரு பக்கம் சதுர வாயுள்ள கேபிள், பெட்டியில் பெரும்பாலும் கொடுத்திருக்க மாட்டார்கள், ஐந்து மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். இரண்டு நாள் அதில் ஓட்டிப் பாருங்கள். ஒரு தடவை கூட ஆஃப்லைன் வரவில்லை என்றால் இயந்திரம் சுத்தம், வைஃபை பக்கம்தான் பார்க்க வேண்டும். கேபிளில் மாட்டியதும் பட்டியலில் அதே பிரிண்டர் இரண்டாவது பெயரில் தோன்றும், சரியானதைத் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். விண்டோஸில் 'கடைசியாகப் பயன்படுத்தியதையே இயல்பு பிரிண்டராக வைத்துக்கொள்' என்ற அமைப்பு ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும், அதை அணைத்துவிடுங்கள்.

வைஃபை பக்கம் வந்தால் முதல் வேலை, பிரிண்டரிலிருந்தே 'நெட்வொர்க் ஸ்டேட்டஸ்' தாளை எடுப்பது. அதில் ஐபி முகவரி இருக்கும். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து பிரிண்டருக்கு முகவரியே கிடைக்கவில்லை, மறுபடி இணைக்க வேண்டும். சரியான முகவரி இருந்தால் அதைக் கணினியின் பிரவுசரில் அடித்துப் பாருங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறக்கும். பக்கம் திறக்கிறது, விண்டோஸ் மட்டும் ஆஃப்லைன் என்கிறது என்றால் குற்றவாளி விண்டோஸ். பக்கமே திறக்கவில்லை என்றால் அநேகமாக இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இல்லை. பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. பொதுவாகக் கணினி 5இல் இருந்தாலும் ரவுட்டர் இரண்டையும் சேர்த்து வைத்துவிடும். ஆனால் பிரிண்டரை 'கெஸ்ட்' நெட்வொர்க்கில் சேர்த்திருந்தால் ரவுட்டர் வேண்டுமென்றே பிரித்து வைக்கும். ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய வகை பிரிண்டர்கள் உள்ளேயே வராது. கணினியை அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடும்போது மட்டும் ஆஃப்லைன் வருகிறதா என்றும் கவனியுங்கள். விபிஎன் வீட்டு நெட்வொர்க்கையே மறைத்துவிடும் அமைப்பில் இருப்பது சாதாரணம்.

சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் இல்லை என்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம், முகவரி மாறிப்போவது. ரவுட்டர் கொடுக்கும் முகவரி நிரந்தரமல்ல. ரவுட்டரை அணைத்துப் போட்டால் பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கலாம், கணினி பழைய எண்ணிலேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அமைப்பில் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைத்துவிட்டு, விண்டோஸில் பிரிண்டரை நீக்கி, அந்த முகவரியைக் கையால் கொடுத்து 'டிசிபி/ஐபி' போர்ட்டில் மறுபடி சேர்த்தால் இந்த வியாதி பெரும்பாலும் போய்விடும். தானாகச் சேரும்போது விண்டோஸ் பெரும்பாலும் 'டபிள்யூஎஸ்டி' என்ற போர்ட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது, தூக்கத்திலிருந்து எழும்போது பிரிண்டரைத் தொலைத்துவிடுவதில் அது பெயர் போனது. அதற்குப் பிறகும் பொய்யாக ஆஃப்லைன் காட்டினால் அந்தப் போர்ட்டின் அமைப்புக்குள் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' என்ற டிக்கை எடுத்துப் பாருங்கள். பிரிண்டர் பக்கத்தைத் திறந்த கையோடு அதன் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள், பெட்டியோடு வந்ததை அப்படியே விட வேண்டாம்.

டிரைவர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கணினி தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்த பிரிண்டர், பல சமயம் எல்லா நிறுவன பிரிண்டர்களுக்கும் பொதுவான ஐபிபி டிரைவரில் ஓடுகிறது. அச்சாகும், ஆனால் தாள் வகை, ஓரமில்லா அச்சு, மை அளவு போன்றவை முழுமையாகத் தெரியாமல் போகலாம். டெஸ்ட் பேஜிலேயே டிரைவரின் பெயர் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் மாடலின் பெயருக்குப் பதில் 'ஐபிபி கிளாஸ் டிரைவர்' என்று இருந்தால், தாள் வகையை மாற்றவே உங்களுக்கு வழி இல்லாமல் இருந்திருக்கலாம், கோட்டுக்கும் சிவப்புக்கும் சேர்த்து விடை அங்கேயே கிடைத்துவிடலாம். பொது டிரைவர் மோசம் என்று சொல்லவில்லை. தனி டிரைவர் இல்லாமலே அச்சிடும் ஏர்பிரிண்ட்டை 2010இல் ஆப்பிள் கொண்டுவந்ததிலிருந்து எல்லோரும் அந்தத் திசையில்தான் போகிறார்கள், மைக்ரோசாஃப்டும் தயாரிப்பாளர்களின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக 2023இல் அறிவித்தது. எழுத்துப் பக்கங்களுக்கு அது தாராளமாகப் போதும். போட்டோவுக்கு நிறுவனத்தின் டிரைவர் வேண்டும். அதை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் 'பிரிண்டர் டிரைவர்' தளங்களிலும், 'உதவிக்கு அழைக்கவும்' என்று ஒரு எண்ணைப் போட்டிருக்கும் பக்கங்களிலும் மோசடி மலிந்து கிடக்கிறது. கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

ஸ்கேனரைச் சோதிக்க மறந்துவிடுவார்கள், கெடு முடிந்த பிறகுதான் ஞாபகம் வரும். கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஸ்கேன் செய்து, திரையில் பெரிதாக்கிப் புள்ளி, நிழல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே தாள்களை வைத்து இழுக்கும் ஏடிஎஃப் இருந்தால் அதில் ஒரு முறை. ஏடிஎஃப் வழியாக வரும்போது மட்டும் நெடுக ஒரு நேர்கோடு விழுந்தால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் குறுகிய கண்ணாடிப் பட்டையில் ஒரு தூசியோ பசைத்துளியோ ஒட்டியிருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் போயே போச்சு.

லேசர் பிரிண்டர் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாசில் செக் உங்களுக்கு இல்லை. முழுக் கறுப்புப் பட்டை ஒன்றும் எழுத்துப் பக்கம் ஒன்றும் எடுத்து, விரலால் அழுத்தித் தேயுங்கள். பொடி கையோடு வந்தால் தாள் வகை தவறு அல்லது சூடாக்கி ஒட்டும் ஃப்யூசர் சரியில்லை. ஒரே புள்ளி பக்கத்தில் சமமான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். டிரம்மிலோ ஏதாவது ஒரு உருளையிலோ அடி இருக்கிறது, எந்த உருளை என்பதை அதன் சுற்றளவை வைத்து மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவார். கலர் லேசரில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பக்கம் முழுக்கக் குட்டி மஞ்சள் புள்ளிகள் என்று பதற வேண்டாம். பல மாடல்கள் தம் அடையாளத்தை அப்படி ரகசியமாகப் பதிக்கின்றன. இங்க்ஜெட்டுக்கான பூச்சுள்ள போட்டோ தாளை லேசரில் விடவே கூடாது, ஃப்யூசர் சூட்டில் பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும். சின்ன யூபிஎஸ்ஸிலும் மாட்ட வேண்டாம், ஃப்யூசர் சூடேறும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது.

உங்கள் பிரிண்டருக்கே திரும்புவோம். எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்? ராத்திரி ஓய்வுக்குப் பிறகும் நாசில் செக்கில் அதே இடம் விட்டுப் போனால், அலைன்மென்ட்டுக்குப் பிறகும் சரியான தாள் வகையில் கோடு விழுந்தால், சாதாரணத் தாளையே அடிக்கடி இரட்டையாகவோ கோணலாகவோ இழுத்தால், அடியில் மை கசிந்தால், யூஎஸ்பியிலும் நடுவில் நின்றுபோனால் தயங்காமல் கொடுங்கள். ஆஃப்லைனுக்காக மட்டும் கொடுக்காதீர்கள், மாற்றி வரும் இயந்திரமும் உங்கள் ரவுட்டரில் அதையேதான் செய்யும். நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது என்றால் மேலே சொன்ன காப்பிச் சோதனை முடியும் வரை பொறுங்கள். படத்தையும் நாசில் செக்கையும் பார்க்காமல் நான் இதற்கு மேல் துல்லியமாகச் சொன்னால் அது ஜோசியம். இன்னொன்று, பல மாடல்களின் ஸ்டேட்டஸ் தாளில் இதுவரை அச்சான பக்கங்களின் எண்ணிக்கை இருக்கும். தொழிற்சாலையில் சோதித்த ஓரிரண்டு பக்கமும் நீங்கள் எடுத்ததும் போக, அதில் நூற்றுக்கணக்கில் இருந்தால் உங்களுக்குப் புதிது என்று விற்றது புதிது அல்ல.

கெடு முடியும் வரை வேறு நிறுவனத்தின் மலிவு மையை ஊற்ற வேண்டாம். அது நல்ல மையா கெட்ட மையா என்ற விவாதம் தனி, ஆனால் பழுது என்று கொண்டுபோனால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தேதி எழுதிய நாசில் செக் தாள்களையும், கோடு விழுந்த போட்டோவையும், ஸ்டேட்டஸ் தாளையும் ஒன்றாகப் பின் அடித்து வையுங்கள். 'கிளீனிங் செய்து பார்த்தீர்களா?' என்று சேவை மையத்தில் கேட்டால் எடுத்து நீட்டலாம். திருப்பிக் கொண்டுபோவதானால் மையோடு இருக்கும் இயந்திரம் என்பதை மறந்துவிடாதீர்கள். பட்டனால் அணைத்து, ஹெட் ஓரத்தில் போய் நின்ற பிறகு பிளக்கை எடுத்து, டேங்க் மூடிகளை இறுக்கி, மாடலில் போக்குவரத்துப் பூட்டு இருந்தால் அதைத் திருப்பி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அசல் அட்டைப்பெட்டியில் படுத்த வாக்கிலேயே வையுங்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் இன்னும் வீசவில்லை என்று நம்புகிறேன்.